சுடாத பீங்கான்

"என் புருஷன்தான் செய்யறார். அதை நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்," என்றார் டீச்சர்.

காலையில் வந்து மின்விசிறியைப் போடுவதற்குள் இப்படி ஒரு கேஸ் வந்து உட்கார்ந்தால் எனக்குப் பசி எடுக்கும், பாஸுக்குக் கண்ணாடி துடைக்கத் தோன்றும். துடைத்துக்கொண்டே, "என்ன செய்யறார்?" என்று கேட்டார் பாஸ்.

"என் காரைக் கெடுக்கறார்."

"காரையா?" என்றேன். வேறு மாதிரி எதையோ எதிர்பார்த்து நாற்காலி நுனிக்கு வந்திருந்த நான் மெல்லப் பின்னால் சாய்ந்தேன்.

பாஸ் என்றதும் சிகரெட்டும் தொப்பியுமாக ஒரு ஆளைக் கற்பனை செய்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தவர். ஒரு நாள் மேலதிகாரியையே பிடித்துவிட்டார், மறுநாள் வெளியே வந்துவிட்டார். இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம். ஊழியர் மொத்தம் நான் ஒருவன்தான். பாஸ் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஓட்டைவாய். அதில் உண்மை இருப்பதால் நான் கோபப்படுவதில்லை.

டீச்சர் கதையைச் சொன்னார். இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார், அப்பா வைத்திருந்தது. பச்சை நிறம், தரையோடு ஒட்டிய உடம்பு; வீட்டில் அதற்குப் பெயர் வெட்டுக்கிளி. அப்பா சாகும்போது சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழைய கார்களுக்கென்று வருடத்துக்கு ஒருமுறை மலையேற்றப் பந்தயம் நடக்கும். டீச்சர் ஓட்டுவார், அவருடைய அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வார். இரண்டு வருடமாகப் பாதி மலையில் வண்டி நின்றுவிடுகிறது.

"ஒரு இருபது நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம் பட்டுன்னு செத்துடும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இந்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் பந்தயம். இதுலயும் முடிக்கலேன்னா கிளப்புலேருந்து வண்டியை நீக்கிடுவாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"

"மெக்கானிக். வயரிங்ல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் சரி பண்றவருக்கு வீட்டு வண்டியில என்ன கோளாறுன்னு தெரியலையாம். நான் மலையில ஓட்டறது அவருக்கு ஆரம்பத்துலேருந்தே பயம். ஒரு நாள் அண்ணா கேட்டார், 'நம்ம வீட்டுல வயரிங் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?'ன்னு. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அவரோட டூல் பாக்ஸைத் திறந்தேன். ரெண்டு பக்கமும் கிளிப் வெச்ச குட்டி வயர் இருந்துச்சு. அதைப் போட்டா வண்டி இப்படித்தான் நிக்கும்னு அண்ணா சொன்னார்."

பாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீச்சரின் கைப்பையைப் பார்த்தார். "பெட்டி கட்டியாச்சா?"

டீச்சர் திடுக்கிட்டார். "எப்படித் தெரியும்?"

"படிச்ச சர்டிஃபிகேட் ஃபைல் பைக்கு வெளியே தெரியுது. சந்தேகப்படறவங்க அதை எடுத்துக்க மாட்டாங்க, கிளம்பறவங்கதான் எடுத்துப்பாங்க."

டீச்சரின் குரல் இறங்கியது. "சந்தேகத்தோட போக எனக்கு இஷ்டமில்லை. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். பத்து வருஷம் கூட இருந்த மனுஷன் தினமும் சிரிச்சுக்கிட்டே முதுகுல குத்தறார்னா, அந்த வீட்டுல எப்படித் தூங்கறது?"

"நீங்க இங்க வந்தது யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரியாது. அண்ணாவுக்கு மட்டும்தான் தெரியும்."

பாஸ் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

*

பந்தய கிளப்பிலிருந்து வண்டியைச் சோதனை போட வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு அன்று மாலையே மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனோம். பொய் சொல்ல பாஸுக்குக் கூச்சமே கிடையாது, கேஸ் முடிந்த பிறகு ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஒரு நீலப் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்துப்போட்டு அதன் பிடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"கார் கெட்டா பார்ப்பீங்கன்னு தெரியும், பெட்டிக்குமா?" என்றேன்.

"என் வீட்டம்மாவோடதுங்க. மலைக்கு எடுத்துட்டுப் போகத் துணியெல்லாம் மடிச்சு வெச்சிருந்தா. தூக்கிப் பார்த்தேன், பிடி லொடலொடன்னு ஆடுச்சு. பாதி வழியில கையோட வந்துட்டா என்ன பண்ணுவா?" என்று சிரித்தார்.

வாயைத் திறந்தால் ஏதாவது கொட்டிவிடும் என்று பயந்து, அவர் கொடுத்த டீயை வாயில் நிறுத்திவைத்துக்கொண்டேன்.

வெட்டுக்கிளியின் பானெட்டைத் திறந்தார். பாஸ் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, தன் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"இதுதான் காயில். ஸ்பார்க் இங்கதான் பிறக்குது. ஆனா பேட்டரியில இருக்கற முழு கரண்டையும் இது ரொம்ப நேரம் தாங்காது. அதுக்குத்தான் நடுவுல இந்த ரெசிஸ்டர், இந்த வெள்ளைப் பீங்கான் கட்டி. வர்றதுல ஒரு பங்கை இது தன் மேல வாங்கிக்கும், மீதியைத்தான் உள்ளே விடும். ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு நிமிஷம் மட்டும் தனி வயர்ல முழுசாப் போகும். சாவியை விட்டதும் இது வழியாத்தான்."

"புரிஞ்சுது," என்றேன். "சம்பளத்துக்கும் சட்டைப் பைக்கும் நடுவுல நிக்கற பொண்டாட்டி."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். அவ இல்லேன்னா கொஞ்ச நேரம் குஷியா இருக்கும். அப்புறம் வெந்து போயிடுவான்." சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் இருந்ததாக என்னால் சத்தியம் செய்ய முடியாது.

எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். பாஸ் குனிந்து அந்தப் பீங்கானை நோக்கி விரலை நீட்டினார். மெக்கானிக் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

"தொடாதீங்கம்மா, தோல் ஒட்டிக்கும். இங்க பாருங்க." அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் பழைய தழும்பு ஒன்று பளபளத்தது. "என் வீட்டம்மாவுக்கும் இருக்கு, மச்சானுக்கும் இருக்கு. சின்ன வயசுல அப்பாவுக்குத் தெரியாம ரெண்டு பேரும் தொட்டுப் பார்த்தவங்க."

"குடும்பச் சின்னம்," என்றேன்.

பாஸ் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "இதோட ரெண்டு முனையையும் யாராவது ஒரு வயர் போட்டுச் சேர்த்துட்டா?"

"கரண்டு இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காது, குறுக்கு வழியில நேரா காயிலுக்குப் போயிடும். வண்டி ஜோரா ஓடும், கொஞ்ச தூரம் போனதும் காயில் வெந்து படுத்துடும். ஆறினா எழுந்துக்கும். நானும் அதைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் தேடிட்டேன், வயர் எதுவும் இல்லை. காயிலைக்கூட மாத்திப் பார்த்துட்டேன்."

"வண்டி நின்ன இடத்துலயே தேடினீங்களா?"

"எங்கங்க? மச்சான் போன் பண்ணுவார். நான் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி ஆறி, ஸ்டார்ட் ஆகி, எதிர்ல வந்துட்டிருக்கும்." சற்றுத் தயங்கினார். "என் வீட்டம்மா இப்பல்லாம் சரியாப் பேசறதில்லை. அப்பாவோட வண்டி, வருத்தம் இருக்கும்ல. இந்தத் தடவை மட்டும் அவ உச்சிக்குப் போயிட்டாப் போதும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "பாஸ், இந்த ஆளா குத்தவாளி? அப்படின்னா நடிப்புக்குப் பரிசே கொடுக்கலாம்."

"டீயில சர்க்கரை அதிகம்," என்றார் பாஸ். பதில் சொல்ல இஷ்டமில்லாதபோது அவர் டீயைப் பற்றிப் பேசுவார்.

*

மறுநாள் காலை சோதனை ஓட்டம். கிளம்புவதற்கு முன் பாஸ் சொன்னபடி பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பீங்கான் கட்டி இருந்தது, அதற்கான வயர்கள் இருந்தன, குறுக்கே எதுவும் இல்லை. பாஸிடம் தலையாட்டினேன்.

அப்போதுதான் டீச்சரின் அண்ணன் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தோளில் கை போட்டுப் பேசுகிற ரகம். இரண்டு நிமிடத்தில் என்னையே தம்பி ஆக்கிவிட்டார். மெக்கானிக்கைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, இன்னிக்காவது ஓடுமா?" என்றார். பிறகு பாஸை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா. எனக்கு மாப்பிள்ளை மேல மரியாதை உண்டு, நான் குத்தம் சொல்லமாட்டேன். நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. அவ அழறதைத்தான் தாங்க முடியல."

"தங்கச்சி மேல ரொம்பப் பாசமோ?"

"தோள்ல தூக்கி வளர்த்தேங்க. சைக்கிள்லேருந்து ஸ்டீயரிங் வரைக்கும் நான்தான் கத்துக்கொடுத்தேன்."

வண்டியில் ஏறுமுன் அவர் பானெட்டைத் திறந்தார். எஞ்சின்மேல் கையை வைத்து ஒரு கணம் தலை குனிந்து நின்றார். "அப்பாவோட பழக்கம். தொட்டுப் பார்க்காம கிளம்பமாட்டார்," என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். அப்பாவை மறக்காத பிள்ளை என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. என் நெஞ்சு எப்போதும் ஆள் தெரியாமல்தான் நெகிழும்.

வெட்டுக்கிளி சீறிக்கொண்டு புறப்பட்டது. மெக்கானிக்கின் வேனில் நாங்கள் பின்தொடர்ந்தோம். பாஸ் முன்னால் ஏறிக்கொண்டார், எனக்குக் கிடைத்தது பின்னால் டயர்களுக்கு நடுவில் ஓர் இடம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் என் மடியில் வந்து உட்கார்ந்தது.

"பாருங்க, வளைவுக்கு முன்னாடியே கியரை மாத்திட்டா. இவ்வளவு சுத்தமா ஓட்ட யாருக்கு வரும்?" என்றார் மெக்கானிக், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல். கணவன் மனைவியைப் பற்றி அவள் இல்லாத இடத்தில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஏற்றம் தொடங்கி நாலைந்து வளைவுகள் தாண்டியதும், முன்னால் கேட்டுக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் கத்தரித்தது போல் நின்றுவிட்டது.

நாங்கள் வளைவைத் திரும்பிப் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் இறங்கிப் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்திருந்தார். டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் நிமிர்ந்து கையை விரித்தார். "பாருங்க. எல்லாம் போட்டது போட்டபடி இருக்கு. ஆனா வண்டி செத்துக் கிடக்கு."

டீச்சர் இறங்கி வந்து கணவரைப் பார்த்த பார்வையில் பத்து வருடமும் எரிந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் எதுவும் புரியாமல் கையைப் பிசைந்தார்.

பாஸ் காயிலுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "அடுப்பு மாதிரி கொதிக்குது," என்றவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "அந்தப் பீங்கான் கட்டியைக் கழட்டிக் கொடுங்க. நான் கையில வெச்சுப் பார்க்கணும்."

"இப்பவா? முடியாதுங்க. கொஞ்ச நேரம் ஆகட்டும்."

"இப்பவே வேணும்."

"இப்ப வேண்டாம்மா, சொன்னாக் கேளுங்க," என்று இரண்டடி பின்னால் போனார்.

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கேட்டதைக் கொடுக்காமல் பின்வாங்குகிறாரே என்று எனக்குமே ஒரு கணம் சுருக்கென்றது. பாஸ் டீச்சரைப் பார்த்தார். "நீங்க எடுத்துத் தர்றீங்களா?"

டீச்சரின் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது. "ஐயோ, வேண்டாம்," என்றார் சின்னப் பெண் போல.

"நான் கழட்டறேன். இதுல மறைக்க என்ன இருக்கு மாப்பிள்ளை?" என்று அண்ணன் முன்னால் வந்தார். இரண்டு வயர்களையும் பிடுங்கினார். பீங்கானை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்க்ரூவைத் திருகினார். கழற்றிய கட்டியை பாஸின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "இந்தாங்க," என்றார்.

மெக்கானிக்கின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

பாஸ் அந்தக் கட்டியை டீச்சரிடம் நீட்டினார். "பிடிங்க. பயப்படாதீங்க."

டீச்சர் ஒற்றை விரலால் தொட்டார். பிறகு கையில் வாங்கினார். பிறகு இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். வெயிலில் வைத்த டம்ளர் அளவுக்குக்கூட அதில் சூடு இல்லை.

"நேத்து ஷெட்டுல கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடினதுக்கே இதைத் தொட விடலை உங்க வீட்டுக்காரர்," என்றார் பாஸ். "இன்னிக்கு மலையேறி வந்திருக்கு. கொதிக்க வேண்டியது ஏன் கொதிக்கல? கரண்டு இது வழியாப் போகல. குறுக்கே ஒரு வயர் இருந்திருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி இவன் பார்த்தப்ப இல்லை. இப்பவும் இல்லை. வயரை எடுத்துடலாம், சூட்டை எங்கேருந்து கொண்டு வந்து வைக்கிறது?"

டீச்சர் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இவருக்குத் தழும்பு இருக்கு, தொட பயந்தார். உங்களுக்குத் தழும்பு இருக்கு, நீங்களும் பயந்தீங்க," என்றார் பாஸ். "அதே தழும்பு இருக்கற இன்னொருத்தர் யோசிக்கவே இல்லை. இன்னிக்கு இது சுடாதுன்னு இந்த மலையில தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். ஏங்க, வலது பாக்கெட்டா, இடது பாக்கெட்டா?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். முகத்தில் பாதியில்தான் சிரிப்பு வந்தது. "சின்ன வயசுலேருந்து இது கூடப் புழங்கறவன். எனக்குக் கை மரத்துப் போச்சு."

"அண்ணா," என்றார் டீச்சர். "பாக்கெட்டைக் காட்டு."

அவர் காட்டவில்லை. தங்கை நெருங்கிப் போய்த் தானே கையை விட்டு எடுத்தார். இரண்டு பக்கமும் கிளிப் வைத்த குட்டி வயர், எந்த மெக்கானிக்கின் பெட்டியிலும் கிடக்கிற சாதாரண சாமான். பானெட்டுக்குள் தலை குனிந்து அப்பாவைக் கும்பிட்ட அந்த ஒரு கணம் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெகிழ்ந்த என் நெஞ்சின் மேல் நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"ஏன்?" என்றார் டீச்சர்.

"ஏனா? ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்தவன் நான். உனக்கும் நான்தான். அப்பா சாவியை உன் கையில வெச்சார். எனக்குப் பக்கத்து சீட். உச்சியில நின்னு கைதட்டு வாங்கப் போறது நீ, வழி சொல்றது நான்."

"கேட்டிருந்தாச் சாவியைக் கொடுத்திருப்பேனே அண்ணா."

"கேட்டு வாங்க நான் என்ன வெளியாளா?"

"அவர் என்ன பண்ணினார் உனக்கு? அவர் பேரை ஏன் இழுத்த?"

"நான் எங்க இழுத்தேன்? வயரிங் தெரிஞ்சவங்க யாருன்னு ஒரு கேள்விதான் கேட்டேன். பதிலை நீதான் சொன்ன." அண்ணன் மெக்கானிக்கைப் பார்த்தார். இனி இழக்க ஒன்றுமில்லாத மனுஷனின் குரலில் சொன்னார். "மாப்பிள்ளை, நான் வெறும் வயரைத்தான் போட்டேன். உங்க மேல சந்தேகப்பட்டுத் துப்பறிய ஆள் வெச்சவ இவ. இவங்க கிளப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. வீட்டை விட்டுப் போகப் பெட்டி கட்டி வெச்சிருக்காளே, அதுவும் நான் கட்டினதில்லை."

சொல்லிவிட்டு மலைப் பாதையில் கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. அவரை வையலாம் என்று வாயைத் திறந்தேன், வழக்கமாகக் கொட்டுகிற வாயில் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவருடைய டீயைக் குடித்த நாக்கை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல் நான் டயர்களைப் பார்த்தேன். பாஸ் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏங்க," என்று ஆரம்பித்த டீச்சர் அழுதார்.

மெக்கானிக் கிட்டே வந்தார். மனைவியின் கையிலிருந்த பீங்கானை வாங்கினார். அதன் இடத்தில் வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார், வயர்களைப் பழையபடி மாட்டினார், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். பிறகு காயில் ஆறும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு பாதையோரம் நின்றார். அந்த நேரம் முழுக்க அவருடைய முதுகைத்தான் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பப் போடு," என்றார் மெக்கானிக் கடைசியில்.

டீச்சர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டது. சாவியை விட்ட பிறகும் ஒரே சீராக ஓடியது.

"உச்சி வரைக்கும் போகும். நிக்காது," என்று பானெட்டை மூடினார்.

டீச்சர் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "வந்து உட்காருங்க. கூட வாங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் அந்தக் காலி சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு வேனை நோக்கி நாலடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"அந்தப் பெட்டிக்கு நேத்துதான் புது ஸ்க்ரூ போட்டேன்," என்றார். "எவ்வளவு கனம் வெச்சாலும் பிடி கையோட வராது."